அறுபத்தெட்டின் எடை

மழை தொடங்கிய மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, கறிக்கடைத் தராசில் ஏறி நின்ற முயல் பண்ணைக்காரரின் எடை ஒன்பது கிலோ அறுநூறு கிராம். ஆள் இளைத்திருக்கவில்லை. இடுப்புச் சுற்றளவு முப்பத்தாறு அங்குலத்திலேயே இருந்தது, கன்னங்கள் உப்பலாகவே இருந்தன, சட்டையின் மூன்றாவது பொத்தான் எப்போதும்போலத் திணறிக்கொண்டிருந்தது. ஆட்டை முழுசாக நிறுப்பதற்கென்று வாங்கிய பெரிய தட்டுள்ள மின்தராசு அது. ஐந்து கிராமைக்கூடக் காட்டும். கறிக்கடைக்காரர் தட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை ஏறச் சொன்னார். அதே ஒன்பது அறுநூறு. "கைய எதுலயும் ஊனலையே?" என்று கேட்டார். பிறகு தராசைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சிலேட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற பண்ணைக்காரரின் மனைவியைப் பார்த்தார். அவள் சிலேட்டில் எதுவும் எழுதவில்லை.

பண்ணைக்காரரை ஊரில் எல்லோரும் அறுபத்தெட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் பண்ணையில் இருந்த பழைய மேடைத் தராசு. மூடிப்போன ஒரு கிடங்கிலிருந்து வந்தது. உள்ளே வில் துருவேறியிருந்ததால் நாற்பது கிலோவுக்குக் கீழே எதை வைத்தாலும் முள் அசையாது. நாற்பதைத் தாண்டிவிட்டால் துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. எட்டு முயல்கள் சேர்ந்தாலும் நாற்பது கிலோ வருமா? ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கூண்டின் எட்டு முயல்களையும் மூடியுள்ள கூடையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு தானே தராசில் ஏறுவார். அவரும் வெறுங்கூடையும் சேர்ந்து அறுபத்தெட்டு கிலோ. "அறுபத்தெட்டைக் கழி!" என்று அவர் போடும் சத்தம் சாலைக்கு அந்தப் பக்கத்து பஸ் நிறுத்தம் வரை கேட்கும். மனைவி கழித்துச் சிலேட்டில் எழுதுவாள். பண்ணை தொடங்கிய முதல் வாரத்தில் அவரை ஒரு முறை நிறுத்தார்கள். ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட்டில் அந்த எண்ணை அவளே தராசுக்கு மேலே சுவரில் எழுதினாள். ஏழு வருடமாகச் செவ்வாய் தவறாமல் கழித்தார்கள். எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவரில் எழுதியது சுவரில்தானே இருக்கும்.

பொடிக்காரர் வந்தது கோடையில். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் இரண்டு வெள்ளை வாளிகள் வைத்திருந்தார். முயல்குட்டி தாயைவிட்டுப் பிரிக்கிற ஐந்தாவது வாரத்தில்தான் வயிறு கெட்டுச் சாகும், அந்த வாரத்தைத் தாண்டினால் தின்னுகிற தீவனமெல்லாம் சதையாக மாற வேண்டும், பாதிகூட மாறுவதில்லை, இந்தப் பொடியில் ஈஸ்ட்டும் நொதியும் நல்ல கிருமியும் இருக்கிறது, கிலோ தீவனத்துக்கு இரண்டு கிராம் போதும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பொய் சொல்கிறவரின் முகம் இல்லை அவருக்கு. வாளியோடு வந்த காகிதத்தில் கலவை டிரம்மில் இட்டுக் கலக்கவும் என்று இருந்தது. பண்ணையில் டிரம் கிடையாது. அறுபத்தெட்டு முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, மக்காச்சோள மாவையும் தவிட்டையும் புண்ணாக்கையும் தண்ணீர் தெளித்து வெறுங்கையால் பிசைகிறவர். பொடியையும் அப்படியே பிசைந்தார். பத்து விரலும் படாத தீவனத்தை முயல் முகர்ந்துகூடப் பார்க்காது என்பது அவர் கட்சி.

முதலில் ஒரே ஒரு கூண்டுக்கு வைத்துப் பார்த்தார்கள். பத்து வாரத்தில் எட்டு முயல்களும் சேர்ந்து பன்னிரண்டு கிலோ எண்ணூறு. பொடி வைக்காத காலத்திலும் இதே பன்னிரண்டு எண்ணூறுதான். மனைவி சிலேட்டை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். "எட்டும் உசுரோட இருக்கே, அத எழுதுனியா?" என்றார் அவர். அது உண்மைதான். கூண்டுக்கு ஒன்றிரண்டு போய்விடும் வாரத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. பொடிக்காரரைக் கேட்டதற்கு, எடை ஏறவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்கிப் பாருங்கள் என்றார். முயல்கள் தலைக்கு முந்நூறு கிராம் கூடியிருந்ததையும், கூடிய இரண்டு கிலோ நானூறு அவற்றைத் தூக்கி நின்றவரிடமிருந்து அப்படியே குறைந்திருந்ததையும், கூட்டுத்தொகை ஆகவே மாறாமல் நின்றதையும் யாரும் அறியவில்லை. எட்டும் கறிக்கடைக்குப் போயின. இரண்டை லாரி ஆபீஸ் முதலாளி வாங்கினார். அவர் வீட்டில் கறி தின்பவர் அவர் ஒருவர்தான்; இரண்டையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாளாக முடித்தார்.

அடுத்த ஈத்தில் பிறந்த தொண்ணூற்றாறு குட்டிகளுக்கும் இரட்டை அளவு. ஆறு செத்தன, தொண்ணூறு நிமிர்ந்தன. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தன. ஆனால் இரண்டாவது செவ்வாயன்று சிலேட்டில் வந்த கணக்கு எட்டு முயல்களின் எடை மைனஸ் ஐந்து கிலோ என்றது. அவள் மூன்று முறை கழித்தாள். தராசு பழுதுபார்ப்பவரை வரவழைத்தார்கள். அவர் இருபது கிலோ இரும்புக் கற்கள் மூன்றைக் கொண்டுவந்து அடுக்கினார். முள் அறுபதில் போய் ஆடாமல் நின்றது. "தராசு சரியாத்தான் இருக்கு. உங்க முயல்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுக் கற்களைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து மைனஸ் பத்தொன்பது. அவள் அதையும் எழுதினாள். முயல்களைக் கையில் எடுத்தால் கனமாக இருந்தன; கணக்கில் ஒன்றுமில்லாததற்கும் கீழே போயிருந்தன. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கவலை முயலோடு நிற்கவில்லை. கட்டில் கிறீச்சிடுவதை நிறுத்தியிருந்தது. கழுவிவிட்ட தரையில் அவர் நடந்து போனால் ஈரத்தில் தடம் விழவில்லை. வாசல் மிதியடியில் அவர் நின்றாலும் அதன் நார் நிமிர்ந்தே இருந்தது. அவரோ குஷியாக இருந்தார். ஐந்து வருடத்து மூட்டுவலி போயே போய்விட்டது என்றார். மாடிப்படியை மூன்று மூன்றாக ஏறினார். கொட்டகைக்குள் போகும்போது மட்டும் வலி திரும்பி வருகிறது, அங்கே ஈரம் ஜாஸ்தி என்றார். கொட்டகை நிலத்தின் அந்தக் கோடியில் இருந்தது, தராசு வீட்டு முன்னறையில். "என்னங்க, நீங்க நல்லாத்தான இருக்கீங்க?" என்று அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டாள். "நல்லா இருக்கறவன இப்படிக் கேட்டே படுக்க வெச்சிருவ போலிருக்கே" என்றார் அவர்.

பத்தாவது செவ்வாயன்று அவர் கூடையோடு தராசில் ஏறினார்; முள் அசையவே இல்லை. "அறுபத்தெட்டைக் கழி!" என்று கத்தினார். எதிலிருந்து கழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடையைக் கீழே வைக்கச் சொல்லி, இறங்குவதற்குக் கை கொடுத்தாள். வழக்கமான பலத்தில்தான் இழுத்தாள். கொடியிலிருந்து உருவிய சட்டையைப் போல அவர் அவள் கையோடு வந்துவிட்டார். அப்புறம் அவள் தீவனச் சாக்குக் கட்டும் கயிற்றின் ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, மழைக்காற்றில் சாலையோரமாகவே நடந்து கறிக்கடைக்குக் கூட்டிப்போனாள். வழியில் ஒரு பஸ் கடந்து போன வேகத்தில் அவர் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தார்.

கடைத்தெருவில் இன்னும் யாரும் வந்திராத நேரம் அது. ஒன்பது அறுநூறு என்ற எண் தராசில் எரிந்துகொண்டிருக்கும்போதே லாரி ஆபீஸ் முதலாளி பையோடு உள்ளே நுழைந்தார். எண் பத்து கிலோ இருநூறு ஆனது. முதலாளி தராசைத் தொடவில்லை, நாலடி தள்ளி நின்று ஈரல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிலேட்டக்காவின் கண்ணுக்கு அது தப்பவில்லை; பண்ணைக்காரரின் மனைவிக்குக் கடைத்தெருவில் அதுதான் பெயர். "அண்ணே, கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன்" என்றாள். போனார், ஒன்பது அறுநூறு. "இப்ப வாங்க." பத்து இருநூறு. மூன்றாவது முறை வெளியே அனுப்பியபோது அவர் முகம் சிவந்துவிட்டது. "ஈரல் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எதுக்கு ஆளப் போட்டு அலைக்கழிக்கறீங்க?" அவள் சிலேட்டில் அறுநூறு என்று எழுதி, அதை இரண்டால் வகுத்தாள்; அவர் வாங்கித் தின்றது இரண்டு முயல். முந்நூறு. ஒரு முயலுக்கு முந்நூறு. அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

பொடிக்காரர் மறுநாள் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எடையக் கூட்டும்னுதான் சொன்னேன். எங்கேருந்து வரும்னு நான் சொல்லவே இல்லையே அக்கா" என்றார். அதையும் அவர் நேர்மையாகவே சொன்னார். டிரம்மில் கலக்கும் பண்ணைகளில் இந்தப் பொடி ஒன்றும் செய்வதில்லை, வாளியைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். இரண்டு வாளியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்ததும் அறுபத்தெட்டின் காலடி திம்மென்று கேட்டது. தொண்ணூறு முயல்களுக்கு நடுவே அவர் பழைய ஆள். பத்தடி வெளியே வந்தால் காற்று சட்டையோடு அவரையும் பிடித்து இழுத்தது. கட்டிலைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். முயல்களை விற்பதில்லை என்று சிலேட்டக்கா முடிவெடுத்தாள். ஐந்து வாரம் அந்த முடிவு தாங்கியது. கறிக்கு வளர்த்த முயல்களைக் காலம் தாண்டி வைத்திருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஆண் முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் காதைக் கிழித்தன, கூண்டுகள் போதவில்லை, மழை ஈரத்தில் சளி பிடித்தது. முதல் முயல் செத்த அன்று அவர் எடையில் அறுநூறு கிராம் குறைந்தது. அதைத் தோட்டத்தில் புதைத்து, குழிக்கு மேலேயே அவரை நிற்கவைத்துப் பார்த்தாள். திரும்பி வரவில்லை. மண்ணுக்குப் போனது போனதுதான். அந்த வாரத்தில் மேலும் மூன்று.

கால்நடை டாக்டரம்மா மழைக்கோட்டைக் கழற்றாமலே கூண்டு கூண்டாகப் பார்த்தார். "சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நல்லாப் பாத்துக்கிட்டாலே முயலுக்கு ஆறேழு வருஷந்தான் ஆயுசு. இந்த நெரிசல்ல ஒரு தொத்து வந்தா ஒரே வாரத்துல கொட்டகை காலி." அவள் கொட்டகை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு முயலின் காதுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தாறு முயல்கள், அவரில் ஐம்பத்தொரு கிலோ அறுநூறு கிராம் இந்தக் கூண்டுகளில் தும்மிக்கொண்டிருந்தது. முயலைவிட நீண்ட நாள் இருப்பது எது என்று யோசித்தாள். லாரி ஆபீஸ் முதலாளிக்கு நாற்பத்தொன்பது வயது, அவருடைய அப்பா தொண்ணூறு வரை இருந்தவர் என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த மூன்று வாரம் சிலேட்டக்கா கறிக்கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். தன் முயல்களை யாருக்குக் கொடுப்பது என்பதை அவளே முடிவுசெய்வாள் என்பது கடைக்காரரோடு பேச்சு. வயது கேட்டாள். சொந்த வீடா வாடகையா என்று கேட்டாள். சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, பைக்கில் போகும்போது ஹெல்மெட் போடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டாள். மாற்றலாகிப் போகக்கூடிய வங்கி மேலாளருக்கு இல்லை என்றாள். விடுதி மாணவர்களை வரிசையிலேயே சேர்க்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்ன கண்ணாடிக்கடைக்காரரை வெறுங்கையோடு அனுப்பினாள். "அக்கா, கறி வாங்க வந்தாங்களா, பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்று கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தபால்காரர் இருமிக்கொண்டே வந்து நின்றபோது அவள் வயதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "எழுவத்திரெண்டு வயசானா முயல் கிடையாதா? சட்டமா அது? எத்தன வருஷம் உன் தபாலக் கொண்டாந்து குடுத்திருக்கேன்!" என்று அவர் தெரு கேட்கச் சண்டை போட்டார். கடைசியில் ஒரு முன்னங்காலை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். நாற்பது கிராம் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வாங்கியவர்கள் எல்லோரும் அந்த ஒரே கடைத்தெருவில் வீடோ கடையோ உள்ளவர்கள். எலும்பையும் வழித்துச் சாப்பிடுங்கள், நாய்க்குப் போடாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள். யாரோ போட்டுவிட்டார்கள். சாம்பல் நிற நாய் ஒன்று இருநூறு கிராமோடு பல காலம் சுற்றியது. அது ஓடிவரும்போது அறுபத்தெட்டு லேசாக அமிழ்வார், ஓடிப்போகும்போது எழும்புவார். கடைசியாக ஒரே ஒரு முயல் மிஞ்சியது. சிலேட்டக்கா பிறந்ததிலிருந்து முயல் தின்றதில்லை. வளர்த்ததை எப்படி வாயில் வைப்பது என்று சொல்கிறவள். அந்த முயலுக்கு வலது காதில் அவர் மருந்து போட்ட தழும்பு இருந்தது. உப்பும் மிளகும் மட்டும் போட்டு வேகவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நாளில் தனியாக அதைத் தின்று முடித்தாள். நடுவில் இரண்டு முறை குமட்டியது. விழுங்கினாள். வாந்தியெடுத்தால் எத்தனை கிராம் போகும் என்று தெரியாதல்லவா.

அந்த மாதமே பண்ணையைக் காலிசெய்துவிட்டுக் கறிக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளுக்குக் குடிவந்தார்கள். கீழே கடையில் அவருக்கு வேலையும் கிடைத்தது. காலை பத்து மணிக்குத் தெரு நிரம்பியதும் மாடிப்படியில் இறங்கும் அவர் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்கும். அப்போது தராசில் ஏறினால் அறுபது வரும். லாரி ஆபீஸ் முதலாளி ஈரல் வாங்க வந்திருந்தால் இன்னும் சற்றுக் கூடும். மதியம் கடைகளைச் சாத்திவிட்டு ஆட்கள் திசைக்கொருவராகப் போகும்போது, அவர் பேச்சை நிறுத்தி ஜன்னல் கம்பியை மெல்லப் பிடித்துக்கொள்வார். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத்தான் மணி ஒன்றரை ஆகிவிட்டதைத் தெரிந்துகொண்டார்கள்.

சிலேட்டக்காவின் வாழ்க்கை வேறுவிதமாகிவிட்டது. தெருவில் யாராவது தும்மினால் அவள் காதுக்கு எட்டிவிடும். தையல்காரர் மாத்திரையை விழுங்கினாரா என்று கேட்க நாளுக்கு இரண்டு முறை போனாள். லாரி ஆபீஸ் முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் வீட்டாருக்கு முன்னால் அவள் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வாயுப்பிடிப்பு என்று டாக்டர் சொன்னதும் அவள் விட்ட பெருமூச்சைப் பார்த்து முதலாளியின் மனைவிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. இவ்வளவு விசாரித்துத் தேர்ந்தெடுத்தும் கணக்குப் பிசகியது. கல்லுப்போல இருந்த மரக்கடைத் தம்பி இரண்டாம் வருடமே கடல் தாண்டிய வேலைக்குப் போனான். ஒரு கிலோ இருநூறு விமானத்தில் போயிற்று. நகல் எடுக்கும் கடைக்காரர் குடும்பம் மகளோடு இருக்கப் போனது. இருமிய தபால்காரர் மட்டும் தன் நாற்பது கிராமோடு பதினோரு வருடம், ஒரு நாள்கூடத் தெருவைவிட்டு நகராமல், கடை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு முழு முயலைக் கொடுத்திருக்கலாமே என்று அவள் பிற்காலத்தில் அடிக்கடி சொன்னாள்.

எடை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டுதான் வந்தது. அறுபது ஐம்பத்தைந்தாயிற்று, ஐம்பதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தெரு முழுக்க எங்காவது போய்விட்டால், அவருக்கு மிஞ்சுவது சொந்த ஒன்பது அறுநூறும் மனைவியிடம் இருந்த அறுநூறும்தான். அந்த நேரங்களில் அவள் கடைக்கும் போவதில்லை, துணி எடுக்க மொட்டைமாடிக்கும் ஏறுவதில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். "போய்ப் படேம்மா, நான் எங்க பறந்துறப் போறேன்" என்பார் அவர். "பேசாம இருங்க" என்பாள் அவள்.

தெருக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வெளியூர் போகிறவர்கள் முதலில் பால்காரரிடம் சொல்கிறார்கள், பிறகு பேப்பர் போடுபவரிடம், பிறகு மாடிப்படியில் பாதிவரை ஏறி நின்று குரல் கொடுக்கிறார்கள்: "அக்கா, நாங்க நாலு பேரும் வியாழக்கிழமை வரைக்கும் இருக்க மாட்டோம்." சிலேட்டக்கா எந்த வீடு, எத்தனை பேர், எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு, அதற்கேற்பச் செங்கல்லைத் துணிப்பையில் போட்டு அவர் இரண்டு தோளிலும் மாட்டிவிடுகிறாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, பெட்டியோடு தெருவில் இறங்கிப் போகிறவர்களிடம், "பத்திரமாப் போய்ட்டு வாங்க, ரோட்டப் பாத்துக் கடங்க" என்கிறார். அந்தத் தெருவில் அதை அவ்வளவு மனதாரச் சொல்பவர் வேறு யாருமில்லை.